கயிற்றின் மேலிருந்து குதித்தவன்

பெருமுகையைத் தாண்டிய பிறகுதான் காலைப் பார்த்தேன். மல்யுத்த ரிங்கில் போடும் சிவப்பு பூட்ஸ் இன்னும் காலிலேயே இருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை கயிறு கட்டிய பூட்ஸ். முந்தின நாள் சாயங்காலம் மாட்டியது. ஆம்புலன்சில் ஏறும்போதும், வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை உட்கார்ந்திருந்தபோதும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. பெங்களூர் ரோட்டின் ஓரமாகக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் என் காலையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், சர்க்கஸா?"

"ஆமா."

"எங்க போட்டுக்கீறாங்க? பசங்க கேட்டுனே கீதுங்க."

"முடிஞ்சிபோச்சு."

இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நடந்தேன். ஆஸ்பத்திரியில் என் கூட்டாளி படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்டுவடத்தைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, அது வடிந்த பிறகுதான் கால் வருமா வராதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதுவரை காத்திருக்க வேண்டியவன் நான். என்னால் முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

என் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தேன், மூன்றாவது வருடம் போகவில்லை. ஆனால் அந்த உயரத்துக்காக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. பேருக்கு பேக்கிங் செக்‌ஷன். உண்மையான வேலை, கம்பெனி டீமில் பாஸ்கெட்பால் ஆடுவது. ஊர் ஊராகப் போய் ஆடினோம். கோலார் தங்கவயல் வரை போயிருக்கிறோம். எனக்குக் கூடையில் பந்து போடுவது பெரிதாக வராது. போர்டில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் என் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. யாராவது பந்தை எறிந்ததும், பக்கத்தில் இருக்கும் எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, அவனை முதுகாலேயே தடுத்து வைக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கவே கூடாது. பதிமூன்று வயதிலிருந்து இருபத்தெட்டு வரை இதைச் செய்தேன். கண்ணுக்கு நேரே ஏதாவது மேலே எழும்பினால் உடம்பு தானாகத் திரும்பிவிடும்.

பிறகு ஆர்டர் கம்மியாகிவிட்டது என்று டீமைக் கலைத்தார்கள். விருப்பமிருந்தால் நிஜமாகவே பேக்கிங் செய்யலாம் என்றார்கள். அந்த மேஜை என் தொடை உயரம். ஒரு மாதம் குனிந்து நின்றேன். ஒரு திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, கம்பெனிக்குப் போகாமல் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே வாட்ச்மேன். பெங்களூரில் ஓட்டல் வாசலில் தலைப்பாகை கட்டிக் கதவு திறக்கும் வேலை. கொஞ்ச நாள் லாரியில் கிளீனர். எதிலும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கவில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் போனேன்.

வேலூரில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தபோது மல்யுத்த ஷோவின் மேனேஜர் கூட்டத்தில் என் தலையைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். டிவியில் வருவது போன்ற மல்யுத்தம். திருவிழா, பொருட்காட்சி, பள்ளி மைதானம் என்று ரிங்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"சண்டை போடத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவனுங்களாலதான் எனக்கு பேஜாரு."

முதலில் விழத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுக்கப் பலகையில் படும்படி, இரண்டு உள்ளங்கையாலும் தரையில் அறைந்து விழ வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. கோர்ட்டில் விழுந்தவன் தோற்றவன். பதினைந்து வருடம் விழாமல் இருக்கப் பழகியவனைத் தினம் நூறு தடவை விழச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கை பின்னால் போய் ஊன்றும். மணிக்கட்டு வீங்கும்.

எனக்குத் துணையாக நின்று விழுந்து காட்டியவன்தான் அந்தக் கூட்டாளி. குடியாத்தத்துக்காரன், விசைத்தறி வீட்டுப் பையன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், என் எடையில் பாதிதான் இருப்பான். தறிக் கொட்டகைக்குப் பின்னால் குவித்துப் போட்டிருக்கும் கழிவு நூல் மேல், கொட்டகைக் கூரையிலிருந்து குதித்துக் குதித்துப் பழகியவன். என்னை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவான்.

"டேய் ஒட்டகம், உனக்கு வுழுறது வரலன்னா வுடு. என்னை வாங்கிக்கோ, அது போதும்."

மேல் கயிற்றில் ஏறி நின்று அவன் குதிப்பான். கீழே நிற்கும் நான் அவனை மார்பில் வாங்கி, தாங்கிக்கொண்டே சரிய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவன் என்னை மோதித் தள்ளியது போலத் தெரியும். உண்மையில் அவன் உயிர் என் கையில் இருக்கும். அதற்கு எங்களுக்குள் ஒரு அடையாளம் வைத்திருந்தோம். நான் தயாரானதும் வலது கையால் என் மார்பில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டாமல் அவன் குதிக்க மாட்டான். ஷோவில் அதைப் பார்த்து, நான் மார்தட்டிச் சவால் விடுகிறேன் என்று ஜனங்கள் கத்துவார்கள். நான்தான் வில்லன்.

எட்டு மாதம் அப்படிப் போனது. நான் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன்னால் அந்த டீமில் மட்டும்தான். ஒரு தடவைகூட அவனைக் கீழே விட்டதில்லை.

அன்றைக்கு ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். பொழுது சாயும் நேரம். மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டதால் சிமெண்ட் தரையில் ரிங்கைப் போட்டார்கள். அது பாஸ்கெட்பால் கோர்ட். ரிங்கைப் பூட்டும்போதே எனக்குத் தெரியும். கம்பத்தைத் தடவிக்கூடப் பார்த்தேன். வலை இல்லாத வளையம், போர்டில் வெள்ளைச் சதுரம் பாதி அழிந்திருந்தது. பழைய தோஸ்தைப் பார்த்த மாதிரி இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கடைசிச் சண்டை எங்களுடையது. திட்டப்படி என்னை ரிங்குக்கு வெளியே தள்ளினான். நான் தடுமாறிக்கொண்டு போய் நின்ற இடம் கூடைக்கு எதிரே, கோடு போட்ட கட்டத்துக்குள். கீழே மெல்லிய மேட் ஒன்று விரித்திருந்தார்கள். அவன் மேல் கயிற்றில் ஏறினான். நான் மார்பில் இரண்டு முறை தட்டினேன். கூட்டம் கத்தியது. அவன் எழும்பினான். அவனுக்குப் பின்னால், அவன் தலைக்கு மேலே, அந்த வெள்ளைச் சதுரம்.

நான் திரும்பிவிட்டேன். காலை அகட்டி, கையை விரித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் நின்றதில்லை.

அவன் வயிறு என் முதுகில் வந்து மோதியது. அதன் மேல் உருண்டு பக்கவாட்டில் போனான். ரிங் கம்பத்தின் இரும்புப் பாதத்தில் அவன் இடுப்பு பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஜனங்களுக்குக் கேட்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிஜமாகவே அடிபட்டால் ரெஃபரியின் கையை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் அழுத்தினான். ரெஃபரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தார். ஷோவைப் பாதியில் நிறுத்துவதில்லை. நான் குனிந்தேன்.

"கால் தெரில மச்சான்," என்றான்.

எண்ணி முடித்ததும், ஜெயித்தவன் என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜனங்கள் என் மேல் தண்ணீர் பாக்கெட்டை வீசினார்கள். மைக்கில் ஒருவர், அடுத்த ஊரில் பழிக்குப் பழி வாங்குவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையைக் கீழே இறக்கும்வரை அவன் என் காலடியில் அப்படியே கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தாய் என்று அவனிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். மேனேஜரும் நின்றார். எங்கள் தொழிலில் எது ஏற்பாடு, யார் யாரைத் தாங்குவது என்று வெளி ஆளிடம் சொல்லக் கூடாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு.

"கயிறு வழுக்கிச்சி சார். நானேதான் வுழுந்துட்டேன்," என்றான்.

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். தொழிலைக் காப்பாற்றினானா என்னைக் காப்பாற்றினானா என்று எனக்குத் தெரியாது.

காலையில் அவன் அம்மா வந்தார். தறி வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. யாரோ பக்கத்து வீட்டில் போனில் சண்டை வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீதானே அது. கைய தூக்கினு நின்னியே."

"ஆமாம்மா."

"உன்னை இன்னாடா பண்ணான் அவன்? உன் உடம்பு இன்னா, அவன் உடம்பு இன்னா. அந்த ஒல்லிப் புள்ளைய அடிக்க உனக்கு எப்பிடி மனசு வந்துச்சி?"

அடிக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால், பிறகு என்ன நடந்தது என்று கேட்பார். மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் மார்பில் கையால் ஒரு அடி அடித்தார். வலிக்கவில்லை. தறிக்காரக் கை, ஆனால் அழுது அழுது பலம் போயிருந்தது. உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு நடக்க ஆரம்பித்தேன்.

ரத்தினகிரி மலை வந்தது, போனது. முழங்காலில் பழைய வலி எடுத்தது. மேனேஜர் ஏழு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. மேல்விஷாரத்துக்கு வந்து சேர்ந்தபோது தோல் பதனிடும் டேனரி வாசனை அடித்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது கம்பெனி வாசனை, அப்போதுதான் பசித்தது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் தன் பெஞ்சில் படுத்துக்கொள்ளச் சொன்னார். பெஞ்சுக்கு வெளியே முழங்கால் வரை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் கூட்டாளியின் நம்பருக்குப் போன் செய்தேன். அவன் அம்மாதான் எடுத்தார்.

"அம்மா, நான் அவனை அடிக்கல," என்றேன். "அவன் குதிச்சா நான் கையில வாங்கணும். அதான் என் வேலை. நான் திரும்பிட்டேன். வேணும்னு இல்ல. பழைய பழக்கம். ஆனா திரும்பிட்டேன்."

ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

"நீ வாங்குவேன்னு தெரிஞ்சிதான் குதிச்சானா?"

"ஆமாம்மா. தட்டிக் காட்டினேன்."

"கூரையில இருந்து குதிக்கும்போது நான் தினம் திட்டுவேன்," என்றார். "அங்கயாச்சும் கீழ நூலு இருந்துச்சி."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குத்திப் பாத்தாங்க. தெரிலன்றான். இன்னும் ரெண்டு நாள் போவட்டும்னு சொல்லிக்கீறாங்க. நீ இங்க வராத." என்றார். "போன் மட்டும் பண்ணு. அவன் கேட்டுனே கீறான், ஒட்டகம் எங்கன்னு."

வைத்துவிட்டார். பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு பழைய செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டேன். குதிகால் வெளியே நின்றது. பூட்ஸை அங்கேயே விட்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு தோல் மண்டி வாசலில் லாரி நின்றது. உப்புப் போட்டு மடித்த மாட்டுத் தோல், லாரி முழுக்க. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உயரமா கீற. மேலருந்து போடுவான், கீழ நின்னு வாங்கணும். தரையில வுட்டா உப்பு உதிர்ந்து மண்ணு ஒட்டிக்கும். முதலாளி என்னைத்தான் கேப்பாரு. வாங்குவியா?"

"வாங்குறேன்," என்றேன்.

லாரிக்குக் கீழே போய் நின்றேன். மேலே ஒருவன் தோலைத் தலைக்கு மேல் தூக்கினான். அது எழும்பியதும் என் வலது கால் திரும்பப் பார்த்தது. காலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். என்னை அறியாமல் கை மார்பில் இரண்டு முறை தட்டியது.

அவன் தூக்கிய தோலோடு அப்படியே நின்றான்.

"இன்னாய்யா மாரத் தட்டுற? போடவா வேணாவா, வாயத் தொறந்து சொல்லு."

"போடு," என்றேன்.