எட்டடிக்கு மேல் உப்பு

எங்கள் காணியில் மொத்தம் ஆறு குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் எட்டடி. ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. கிணறு வெட்டுகிறேன் என்று அப்பா வெட்டியவை அவை. ஆட்டுக்குட்டி ஒருமுறை விழுந்தது. நான் இரண்டு முறை விழுந்தேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், நானாட்டானுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறுகிறவர்களுக்கு அரசாங்கம் மூன்று ஏக்கர் கொடுத்தது. தீவில், தோட்டவெளியில் பெரியப்பா வீட்டின் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக் கிடந்த நாங்கள், சட்டிபானையையும் வலையையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். காட்டில் வலை எதற்கு என்று அம்மா கேட்டார். "கிடக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு வேலியில் கட்டியும் அது பன்றியைக்கூட மறிக்கவில்லை.

பெர்மிட்டில் ஒரு நிபந்தனை. ஒரு வருடத்துக்குள் வீடும் வேலியும் கிணறும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும். வீடும் வேலியும் எப்படியோ எழும்பின. கிணறுதான் அப்பாவிடம் மாட்டிக்கொண்டது.

தீவில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாகத் தோண்டினால் உப்பு. அவருடைய அப்பா ஆசைப்பட்டு இரண்டு முழம் கூட வெட்டப்போய், வீட்டுக் கிணறு உப்பாகித் தென்னைகள் பட்டுப்போனதை அவர் சின்ன வயதில் பார்த்தவர். அதனால் எட்டடி வந்ததும் மண்வெட்டியோடு மேலே ஏறிவிடுவார். பிறகு வலைபோட இடம் பார்ப்பவர் போல நாலு பக்கமும் பார்த்து, அறுபதடி, அவர் கணக்கில் பத்துப் பாகம், தள்ளி அடுத்த குழியைத் தொடங்குவார்.

"அண்ணை, இது களிமண். இருபதடியிலதான் ஊத்து. இன்னும் வெட்டுங்கோ" என்று அடுத்த காணிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். பரம்பரையாக வயல் செய்கிறவர்.

"கீழ போனா உப்பு" என்றார் அப்பா.

"கடல் எங்க கிடக்குது, நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்றார் அம்மா. அரைக் கட்டைத் தூரம் நடந்து குளத்தில் அள்ளி வந்தது நானும் அம்மாவும்தான். ஆடியில் குளமும் சேறாகிவிட்டது, துணியால் வடித்துக் குடித்தோம். அந்த நாட்களில் அப்பாவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மறைக்க என்ன இருக்கிறது.

வருடம் முடிய மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருக்கும்போது, நல்ல தண்ணீர் வேண்டி நேர்த்தி வைக்கப்போகிறேன் என்று அப்பா மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்தே போய்விட்டார். படலையைச் சாத்திய கையோடு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆறாவது குழிக்குள் இறங்கினார். நான் வாளியில் மண் இழுத்தேன். அடுத்த காணிக்காரரும் மனைவியும் கயிறு கொண்டுவந்து கை கொடுத்தார்கள். பத்தாம் நாள், பத்தொன்பதடியில், அம்மாவின் கால் நனைந்தது.

அப்பா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "பாத்தியே, மாதா தந்திட்டா" என்றார்.

"ஓம், மாதாதான்" என்று அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து கிடந்தது. "இது என்னெண்டும் அவவிட்டையே கேளுங்கோ."

அப்பா வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கனநேரம் விழுங்காமல் நின்றார்.

காணிக் கந்தோரிலிருந்து ஐயா ஒருவர் வந்து, கிணற்றைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். காணி தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடம், காலையில் முதல் வாளியை அப்பா ருசி பார்க்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் தேத்தண்ணி கிடையாது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், அம்மா வாய்க்குள் திட்டிக்கொண்டு நிற்பார். அப்பா ஆற அமர ஒரு மிடறு குடித்துவிட்டு, "இண்டைக்கு உப்பில்லை" என்பார். நாளைக்கு இருக்கும் என்கிற குரலில்.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் காலை அம்மாதான் முதல் வாளியை இழுத்தார். அடுப்படிக்குக் கொண்டுபோவார் என்று நான் கேத்திலோடு காத்திருந்தேன். அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, விழுங்காமல் நின்றார்.