பொம்மர்க்காரரின் பூக்கள்

பொம்மருக்குள், குண்டு போடும் அந்த விமானத்துக்குள், ஆட்கள் இருப்பார்கள் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? எனக்குக் கேம் விளையாடத் தொடங்கிய வயதிலேயே தெரியும். அப்பாவுக்கு இந்தக் கோடையில்தான் தெரிந்தது. சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் பொம்மர் வந்தது, பொம்மர் கீழே பாய்ந்து குத்தியது, பொம்மர் போனது என்றுதான் சொல்வார்களாம். உள்ளே இருந்தவனைப் பற்றி யாரும் பேசியதில்லை. அப்பாவின் அக்கா பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இறங்குமுன் அது ஒருமுறை வந்துபோனது. எங்கள் வீட்டில் அந்தக் கதை அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்து வந்து இருந்த அஜின்கோர்ட் அப்பார்ட்மென்டை விட்டு, புறநகர் ஊரான ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தோம். எதிரே குட்டிப் பார்க். அதில் ஒரு கல், சுற்றிவரப் பூக்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார். ஜூலையில் அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன். வேலிக்கு மேலால் அப்பாவிடம் வாளியை நீட்டினார். அப்பாவுக்கு மறுக்கவே வராது. "ஷுவர், ஷுவர்" என்று வாங்கிவிட்டார்.

"டேய், உந்தக் கல்லில என்ன எழுதிக் கிடக்கு? ஏதும் சாமியே?"

போய் வாசித்தேன். இரண்டாம் உலகப்போர். ஜெர்மனியில் குண்டு போடப் போய்த் திரும்பாத ஏழு பேர், பேரும் வயதுமாக. அதில் ஒருவன் இந்த ஊர்ப் பையன்.

"பொம்மர்க்காரங்கள், அப்பா."

அப்பா வாளியைக் கீழே வைக்கவில்லை. அம்மாதான் வெடித்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? மச்சாளின்ர உயிரைக் குடிச்சது பொம்மர். நீங்கள் பொம்மருக்குப் பூங்கண்டு வளக்கப் போறியளோ?"

நான் பெரிய இவனாட்டம் உள்ளே புகுந்தேன். "ரெண்டு பேரும் சில் பண்ணுங்கோ. உது வேற பிளேன், வேற சண்டை. நான் ஊத்துறன், விடுங்கோ."

"நீ சும்மா இரு. என்னட்டை எல்லே தந்தவ" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "என்ன வயசாம்?"

"கடைசிப் பெடியனுக்கு இருபது."

எனக்கும் இருபது. அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"குண்டைப் போடுறது எல்லாருமோ?"

"இல்லை, ஒருத்தன்தான். பிளேன்ர மூக்கில கண்ணாடி இருக்கும். அதுக்குள்ள குப்புறப் படுத்து, கீழ பாத்துக்கொண்டு பட்டனை அமத்துவான்."

"குப்புறப் படுத்தோ?"

"ஓம்."

"பங்கருக்குள்ள நாங்களும் குப்புறத்தான் கிடந்தனாங்கள்."

அதன்பிறகு சில நாள் அவர் பார்க் பக்கமே போகவில்லை. பூக்கள் தலை தொங்கின. அவர் ஜன்னலடியில் நின்று அவற்றைப் பார்ப்பார். நான் சோஃபாவில் கிடந்து போனில் கேம் ஆடினால் திரையைப் பார்க்கமாட்டார், என் பெருவிரலைப் பார்ப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், இப்போது எனக்கே என் பெருவிரலைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு பின்னேரம் எதுவும் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். பாதி ஊற்றும்போது பியர்சன் விமான நிலையத்துக்கு இறங்கும் பிளேன் ஒன்று மேலே போனது. அப்பா நிமிர்ந்தார். சத்தம் முழுக்க அடங்கும்வரை அப்படியே நின்றார், அதன் வயிற்றில் எங்கோ ஒரு முகத்தைத் தேடுவதுபோல. கையில் சரிந்த வாளியிலிருந்து தண்ணீர் அவர் சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்.

"அக்கா ஓடேக்க மேல பாத்தவ. அப்ப அவனும் அவவைக் கண்டிருப்பான், என்ன?"

அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தார். அதற்குப்பிறகு அவரும் அந்தக் கல்லைப் பற்றிச் சண்டை பிடிப்பதில்லை.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு அம்மா வாக்கரோடு வந்து வாளியைத் திருப்பிக் கேட்டார். அப்பா, மறுக்கவே வராத என் அப்பா, தலையை ஆட்டினார். "நோ, நோ. ஐ டூ."

இப்போது வெளியே கொட்டு மழை. வாசலில் வாளி இல்லை, அப்பாவின் சப்பாத்தும் இல்லை.