ஓடாத டயரின் வயது

ஜெபராணி துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருஷமாக மருந்துக் குப்பிகளைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்துப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. ஊறுகாய் பாட்டில், மசாலா டப்பா, ஏன், டூத் பேஸ்டில்கூட வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் திறந்த தேதியை எழுதிவிடுவாள். அந்த வீட்டில் ஸ்டிக்கருக்குத் தப்பியவை இரண்டே இரண்டு. ஒன்று அவள் கணவர் கிறிஸ்துதாஸ், இன்னொன்று வாசலில் நிற்கும் அவருடைய கேரவன்.

கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. ஆறு குளிர்காலத்துக்கு முன்னால், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஷார்ஜாவில் வாங்கி வந்தார். மகள் அக்ஸாவுக்கு அப்போது நாலு வயது. கடற்கரையில் தங்கலாம், மலைமேல் நிறுத்தி டீ போட்டுக் குடிக்கலாம் என்று அவர் போட்ட திட்டங்களைக் கேட்டிருந்தால் குடும்பமே இனி வீட்டுக்குத் திரும்பாது என்று நினைத்திருப்பீர்கள். வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை. கிறிஸ்துதாஸ் சிமென்ட் ஆலையில் டெக்னீஷியன். ஒவ்வொரு குளிர்காலமும் சரியாக அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் முரளிதரன் போன் பண்ணுவார். இவரும் லீவை மடித்து வைத்துவிட்டு ஓடுவார். இவர் போகாவிட்டால் துபாயில் ஒரு கட்டடமும் எழும்பாது என்பது இவருடைய நம்பிக்கை.

அதற்காகக் கேரவனைக் கவனிக்காமல் விட்டார் என்று சொல்லக்கூடாது. லீவு நாள் தவறாமல் டயருக்கு பாலிஷ் ஸ்ப்ரே அடித்துத் துணியால் தேய்ப்பார். கல்யாண மாப்பிள்ளையின் ஷூகூட அப்படி மினுங்காது.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து நாலு நாள் லீவு கிடைத்திருந்தது ஜெபராணிக்கு. மூன்று வருஷமாகக் கேட்டு வாங்கிய லீவு. பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவள் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல இருபத்தி மூணு பதினெட்டுன்னு போட்டிருக்கு, கேட்டியளா. பதினெட்டாம் வருஷம், இருபத்தி மூணாவது வாரம் செஞ்சது. ஏழு வருஷம் தாண்டியாச்சு."

"நம்ம வாங்கினது பத்தொம்பதுலல்லா? அதுலயிருந்துதான் கணக்கு."

"பிள்ளைக்கு வயச பிறந்த நாள்லயிருந்து எண்ணுவியளா, ஸ்கூல்ல சேத்த நாள்லயிருந்தா?"

கிறிஸ்துதாஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு திர்ஹாம் காசை எடுத்து டயரின் பள்ளத்தில் செருகிக் காட்டினார். "பாரு. ரப்பர் பட்டன் ஒண்ணுகூட தேயல. உனக்கு மருந்து தெரியும். டயரு எனக்குல்லா தெரியும்."

அவள் கைப்பையிலிருந்து ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சை எடுத்தாள். ஆறு வருஷத்துப் பாலிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. அடியில் டயரின் பக்கவாட்டு முழுக்க, குதிகால் வெடிப்பு மாதிரி, கீறல் கீறலாகத் தெரிந்தது.

"லேசாத்தான் இருக்கு," என்றார் கிறிஸ்துதாஸ். குரல் அவருக்கே லேசாகத்தான் கேட்டது.

"ரோட்டுல வெடிச்சா கேரவன் மட்டுமா கவிழும்? காரையும் சேத்து இழுத்துட்டுப் போவும். இத மாட்டிட்டுப் போறதா இருந்தா நானும் பிள்ளையும் வரல்ல."

டெக்னீஷியன் பேச்சுக்கு டயர் கடைக்காரர்தான் மதிப்புக் கொடுப்பார் என்று, ஜாக்கி வைத்து இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஸ்டெப்னியையும் சேர்த்துக் காரில் போட்டுக்கொண்டு பன்னீர்செல்வத்தின் கடைக்குப் போனார். பட்டுக்கோட்டைக்காரரான பன்னீர்செல்வம் டயரை விரலால் அழுத்தி விரித்துப் பார்த்தார்.

"எவ்வளவு ஓடிருக்குண்ணே?"

"ஷார்ஜாலயிருந்து இங்க வந்துது."

"அதுக்கப்புறம்?"

"அவ்வளவுதான்."

பன்னீர்செல்வம் சிரித்திருந்தால் தேவலை. அவர் வருத்தப்பட்டார். "நின்ன எடத்துலயே வெயில்ல போயிருச்சுண்ணே. அப்பப்ப ஓட்டிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாருந்திருக்கும். இதுல போவாதீங்க."

மூன்று டயரையும் புதிதாகப் போட்டுக்கொண்டு திரும்பினார். நின்ன இடத்திலேயே போயிருச்சு என்ற பேச்சு வழியெல்லாம் அவரை விடவில்லை. வீட்டில் சக்கரங்களை மாட்டி முடித்ததும், ஜெபராணி தயாராக வைத்திருந்த ஸ்டிக்கரில் தேதி எழுதி ரிம்மில் ஒட்டினாள். அவர் அதன் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார்.

அக்ஸா கேரவனுக்குள் ஏறித் தன் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளைக்காக அவரே அளவெடுத்துப் பலகை அடித்த கட்டில்.

"டாடி, ஐ டோன்ட் ஃபிட்."

முழங்காலை மடக்கியும் பாதம் பலகையில் இடித்தது. பத்து வயதுக் கால். கிறிஸ்துதாஸ் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷமாக டயரை மட்டும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்போது போன் அடித்தது. முரளிதரன்.

"கிறிஸ்துதாஸ், நாளன்னிக்கு டியூட்டிக்கு வந்துருப்பா. கன்வேயர் பெல்ட் வேலை இருக்கு. ஆளில்லை."

ஜெபராணி பயணத்துக்கு எடுத்து வைத்த பாத்திரங்களைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நிற்பாள். அவர்தான் இன்றைக்கு முதல்முறையாக அதைப் பார்த்தார்.

"வர முடியாது சார். டயரு போச்சு."

"எந்த டயர்?"

கிறிஸ்துதாஸ் மதிலில் சாய்த்து வைத்திருந்த பழைய டயர்களைப் பார்த்தார்.

"வீட்டு டயரு சார். ரொம்ப நாளாவே போயிருக்கு, நான்தான் பாக்கல்ல. நாலு நாளாவும்."

போனை வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கேரவனுக்குள் ஏறினார். மகளின் காலுக்கு இடம் வேண்டும், கட்டிலின் பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது.