பெரியவர் வீட்டுக் கிணறு

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோரை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சின்னக் குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், இத்தனை நாள் பொதுவேலை செய்யுங்கள் என்று நீதவான் கட்டளை போடுவார். அப்படி வருகிறவர்கள் கந்தோரைச் சுற்றியுள்ள வளவைத் துப்புரவாக்க வேண்டும். அவர்களிடம் கையொப்பம் வாங்குவது என் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான். கந்தோருக்குத் தலைவரான எங்கள் பெரியவருக்கோ அது ஓசியில் கிடைத்த வேலைக்காரக் கூட்டம். அவர் வீட்டுப் புல்லை வெட்டியது, மதிலுக்கு வெள்ளையடித்தது எல்லாம் நீதிமன்றம் அனுப்பிய ஆட்கள். அது கந்தோர் முழுக்கத் தெரியும். நாங்கள் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

கட்டைபறிச்சானிலிருந்து ஒரு மீனவர் வந்துகொண்டிருந்தார். தடைசெய்த வலையோடு பிடிபட்டவர். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராததற்கே நீதவான் எச்சரித்திருந்தார். இன்னொரு நாள் தவறினால் சிறை. அதனால் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்.

கட்டளை முடிய மூன்று நாள் இருக்கும்போது, கிணறு இறைக்க வா என்று பெரியவர் அவரை வாசலிலேயே மறித்தார்.

"மிஸ், அங்க செய்யிறதும் இதில சேருமோ?" என்று மீனவர் என்னிடம் கேட்டார்.

"ஓம், சேரும். பின்னேரம் வந்து கையொப்பம் வையுங்கோ" என்றேன். வழக்கமாக அப்படித்தான் செய்தோம்.

பெரியவர் அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில், கட்டளைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆள் எங்கே என்று கேட்டார்.

"இண்டைக்கு வரேல்லை" என்றார் பெரியவர், கண்ணாடியைத் துடைத்தபடி. நான் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம் அது. அந்தச் சாக்குப்போக்கை இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன், வெட்கமில்லாமல்.

உத்தியோகத்தர் பதிவுப் புத்தகத்தில் அன்றைய இடத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுப் போனதால், பின்னேரம் வந்த மீனவரால் கையொப்பம் வைக்க முடியவில்லை. வழக்கின் அடுத்த தவணையில் அந்தப் புத்தகத்தோடு என்னை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"பெரிய சேரின்ர வீட்டுக் கிணறு இறைச்சனான் ஐயா. அந்த மிஸ்ஸுக்குத் தெரியும், கேளுங்கோ" என்றார் மீனவர். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

நீதவான் என்னைப் பார்த்தார். புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

"அண்டைக்குக் கையொப்பம் இல்லை ஐயா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.