மாரடைப்பு என்று எழுதினேன்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது வைத்தியரின் நீலப் பேனா. தங்கையின் படிவத்தில் ஒரு வரிக்கு மேலே அது நின்றது: தகப்பன் இறந்த காரணம்.

அந்த வரிக்கான பொய்யை எழுதியவன் நான். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், நான் வேலைபார்க்கும் பத்திரிகையில்.

அப்பாவுக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். கொழும்புக்குக் கூட்டிப்போனவன் நான்தான். எங்கள் ஊரான தேற்றாத்தீவில் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். தங்கையிடம் வயிற்றுப்புண் என்றோம். அப்போது அவளுக்குக் கல்குடாவில் மாப்பிள்ளை பேசியிருந்தோம்.

கொழும்பு வைத்தியர் என்னை மட்டும் தனியே அழைத்தார். “அப்பாக்கு நாப்பத்தெட்டில வந்திருக்கு. பிள்ளைகள் ரெண்டு பேரும் முப்பத்தெட்டிலயே குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கோணும். சின்னத் தசைவளர்ச்சியா இருக்கேக்க எடுத்திட்டா அது புற்றாகாது.”

அப்பா இறந்த அன்று அம்மா சொன்னார்: “மனே, நெஞ்சுவலி எண்டு போடு. பரம்பரை வருத்தமெண்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டாங்க.”

மரண அறிவித்தலில் ‘மாரடைப்பால் காலமானார்’ என்று எழுதினேன். கலியாணம் நடந்தது.

முப்பத்தெட்டு வயதில் நான் கொழும்புக்குப் போனேன். பத்திரிகைப் பயிற்சி என்று வீட்டில் சொன்னேன். குடலில் இரண்டு தசைவளர்ச்சிகள் இருந்தன, எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினேன்.

தங்கைக்கும் முப்பத்தெட்டு வந்தது. அவளுடைய பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிட்டு வந்தேன்… வாய் திறக்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். கலியாணமும் பழையதாகிவிட்டது. பிறகு யாருக்காக மறைத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள்.

எனக்காக. ஓர் எழுத்துப் பிழைக்கு மறுநாளே திருத்தம் போடுகிறவன் நான்! இதற்கு மட்டும் போடவில்லை.

கடந்த ஓராண்டாக அவளுக்கு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். இப்போது வயது நாற்பத்தொன்று. மட்டக்களப்பில், வைத்தியரின் மேசைக்கு முன்னால், என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அப்பாவுக்கு வந்ததே இவளுக்கும்.

“குடும்பத்தில ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததா? அப்பா என்னத்தால மோசம் போனவர்?”

“ஆருக்கும் இல்ல டொக்டர். அப்பா ஹார்ட் அட்டாக்.” என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “அண்ணாட்டக் கேளுங்க, பேப்பர்ல போட்டதே இவர்தான். இவர் போட்டா அச்சுப் பிசகாது!”

வைத்தியர் என்னைப் பார்த்தார்.

“ஓம், டொக்டர்,” என்றேன்.

அவர் மாரடைப்பு என்று எழுதினார். அடுத்த தலைமுறைக்கு எப்போது கமரா விடுவது என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

தங்கையின் மகளுக்கு வயது பதினாறு.