குழாய்க்காரரின் காது

மூன்று தெரு தள்ளி ஒரு குழாய் சொட்டினால், குழாய்க்காரர் சோற்றில் கை வைத்தபடியே, “வாஷர் போச்சு” என்பார். நான்கு தெரு என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. மூன்று என்றே வைத்துக்கொள்வோம். அவர் சுவரில் காதை வைத்தால், உள்ளே ஓடும் குழாய்கள் பயந்துபோய் உண்மையைக் கக்கிவிடும்.

அவருடைய ஒரே மகளுக்கு வீட்டுப் பெயர் சொட்டு. தாயில்லாத அவளை வளர்த்தது அவருடைய அக்கா. பன்னிரண்டு வயதில் சொட்டுவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாளொன்றுக்கு மூன்று கோப்பைத் தண்ணீர்தான். மிஞ்சினால் உடம்பில் தேங்கி மூச்சை அடைக்கும்.

ஒரு நாள் காலை அவள் பல் துலக்கும்போது, கதவுக்கு வெளியே நின்ற அப்பாவின் காதில் ‘மடக்’ என்று விழுந்தது. கொப்பளிக்கிற தண்ணீரை விழுங்கியிருக்கிறாள்.

“என்னடி, பல்லு வயித்துக்குள்ளயா இருக்கு?”

அன்றே பிரஷ் பெட்டிக்குள் போனது. குளியலறைக் குழாயின் கைப்பிடியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நான் குளிக்கணும்னா உன் பாக்கெட்டைத் திருகணுமாடா?” என்று அக்கா கத்தினாள்.

சொட்டு உலர்ந்த துணியால் பல்லைத் துடைத்துக்கொண்டாள். வாய் வறண்டு அழும்போதெல்லாம் அப்பாவின் இன்னொரு பையிலிருந்து பெப்பர்மிண்ட் வந்தது.

அப்பாவின் இரத்தம் சேரவில்லை. அத்தையின் சிறுநீரகம் பொருந்தியது.

“எனக்கெதுக்கு ரெண்டு? மிச்சம் ஒண்ணை வெச்சே உன்னை நாப்பது வருஷம் திட்டுவேன்,” என்றாள் தம்பியிடம். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

ஒன்பது நாள் இருக்கையில், பல் மருத்துவரின் சான்றிதழ் கேட்டார்கள். அந்த அம்மாள் சொட்டுவின் கடைவாய்ப் பல்லை லேசாகத் தட்டினார். அவள் நாற்காலியிலேயே துள்ளினாள். வேரில் சீழ்.

“எத்தனை நாளா வலிக்குது?”

“ரெண்டு மாசமா. சொன்னா ஆபரேஷனைத் தள்ளிடுவாங்கன்னு…”

“தள்ளித்தான் ஆகணும் கண்ணு. புது கிட்னிக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பாங்க. அப்போ இந்தச் சீழ் உயிருக்கே ஆபத்து. பல் தேய்க்கிறதில்லையா?”

“தண்ணியை முழுங்குறாம்மா. நான்தான் பிரஷ்ஷைப் பிடுங்கி வெச்சேன்,” என்றார் குழாய்க்காரர்.

“தண்ணியே இல்லாம தேய்ச்சுத் துப்பலாமேங்க. ஒரு வாய் கொப்பளிச்சா, அதை மூணு கோப்பையில கழிச்சுக்கலாம். யாரும் சொல்லலையா?”

“நான் யாரையும் கேக்கலைம்மா.”

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று தெரு தள்ளிச் சொட்டுவது கேட்ட காதுக்கு, பக்கத்துப் பாயில் மகள் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது கேட்கவில்லை.

பல்லை எடுத்து, புண் ஆற ஏழு வாரம். மறுபடி சோதித்தபோது அக்காவுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரைக்கும் இறங்கவில்லை. இவரிடமிருந்து எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

“ரெண்டையும் நானே வெச்சுக்க வேண்டியதாப் போச்சேடா,” என்றாள் அக்கா. அதன் பிறகு அவள் அவரைத் திட்டவே இல்லை. சொட்டுவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் எங்கோ அடியில் ஏறியது.

குழாய்க்காரர் கைப்பிடியைத் திரும்ப மாட்டினார். புது பிரஷ் வாங்கினார். மறுநாள் காலை கதவுக்கு வெளியே நின்றார். தேய்க்கிற சத்தம், ஒரு வாய்த் தண்ணீர், அப்புறம், மெல்ல, ‘மடக்’. அவர் கை தாழ்ப்பாள் வரை போய் நின்றது.

“துப்பிட்டேன்பா!”

“கேட்டுச்சு கண்ணு,” என்றார்.

மத்தியானக் கோப்பையில் ஒரு மிடறு குறைத்து ஊற்றினார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.