மாங்காட்டுக்கென்று சொல்லிக் கோவளம் வரை

தாட்சாயிணி திருநின்றவூர் ஏரிக்கு இந்தப் பக்கம் பிறந்து, அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. மரை சரியாக விழாத போல்ட்டை விரல் பட்டதுமே ஒதுக்கிவிடுவாள், கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம்.

காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் அவளுக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி ராதிகா, அம்பத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். முழங்கால் வலியும் ஓயாத வாயும் உள்ளவள். இன்னொருத்தி சுதா, தேனிப் பக்கத்துப் பெண், சாஃப்ட்வேர் வேலை. பட்டாபிராமில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

பொங்கல் முடிந்த வாரம், ரயிலில் சுதா சாதாரணமாகக் கேட்டாள்: “அக்கா, மெரினாவுல லைட் ஹவுஸைத் தாண்டிப் போனா என்ன இருக்கு?”

தாட்சாயிணிக்குத் தெரியவில்லை. ராதிகாவிடம் திரும்பினாள். “கடல்தான் இருக்கும். வேற இன்னா இருக்கும்?” என்றாள் ராதிகா.

அன்று வேலையில் நிற்கும்போதெல்லாம் தாட்சாயிணிக்கு அந்தக் கேள்விதான் ஓடியது. அவள் மெரினாவுக்கு ஆறேழு தடவை போயிருக்கிறாள். எல்லாம் காணும் பொங்கல் கூட்டத்தில். ஒவ்வொரு தடவையும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிள்ளை தொலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, புளிசாதம் பரிமாறிவிட்டுத் திரும்பியதுதான் நினைவு. அலை கணுக்காலைத் தாண்டி ஏறியதில்லை.

மறுநாள் அவளே சொன்னாள். “நேப்பியர் பாலத்துலேர்ந்து கோவளம் வரைக்கும் நடக்கலாமா? கரையோரமாவே. ஒரே நாள்ல இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா, கொஞ்சம் கொஞ்சமா.”

சுதா உடனே தலையாட்டினாள். ராதிகா தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “வழியில டிபன் உண்டில்ல?” என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் தாட்சாயிணிக்குச் சிக்கல். கணவன் மனோகரன் ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் வெளியே கிளம்பினால் கல்யாணமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவு, இல்லையென்றால் கோயில். சும்மா போய் வருகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும் வாக்கியமே அவளுக்கு வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிகினு கீறேன். காலையில சீக்கிரம் கெளம்பிடுவேன்.”

மனோகரன் ஒன்றும் கேட்கவில்லை. “நல்லபடியா முடி” என்றான்.

முதல் ஞாயிறு மூவரும் விடியும் நேரத்து ரயிலில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நேப்பியர் பாலத்தில் தொடங்கினார்கள். குதிரைக்காரர்கள் அப்போதுதான் குதிரைகளைத் தண்ணீருக்கு அழைத்துப்போனார்கள். லைட் ஹவுஸைத் தாண்டியதும் குப்பங்கள் வந்தன. படகுகளுக்கு நடுவே கிரிக்கெட் ஆடினார்கள். கட்டுமரத்து மேல் ஒரு பெண் உட்கார்ந்து நிதானமாக ஆங்கிலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பட்டினப்பாக்கம் தாண்டி மணலிலேயே போனவர்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள். எதிரே அடையாறு கடலில் கலந்துகொண்டிருந்தது. அக்கரை பக்கத்தில்தான் தெரிந்தது, போகத்தான் வழியில்லை.

“இங்க ஒரு ஆறு கீதுன்னு யாரும் சொல்லலியே” என்றாள் ராதிகா.

“மேப்புல இருந்துச்சுக்கா” என்று சுதா மெல்லச் சொன்னாள். “சின்னதா இருந்துச்சு.”

வந்த வழியே திரும்பினார்கள். ராதிகா ரயில் ஏறும்வரை சுதாவின் மேப்பைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர். மூன்றாம் வாரம் அங்கிருந்து நீலாங்கரை. ஒரு பங்களாவின் மதில் அலை வரைக்கும் நீண்டிருந்தது. அலை உள்வாங்கும் நேரம் பார்த்து மூவரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடித் தாண்டினார்கள். தாட்சாயிணி கடைசியாக எப்போது ஓடினாள் என்று யோசித்தாள். ரயிலைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

நான்காவது ஞாயிறு ஈஞ்சம்பாக்கம். கரையில் இருபது பேர் கயிறு பிடித்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரை வட்டமாக விட்ட வலையின் இரு முனையையும் கரையிலிருந்தே இழுப்பது. மூவரும் நின்று பார்த்தார்கள். கயிற்றின் முன்னால் நின்ற பச்சையப்பன் என்ற நரைத்த மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா பாத்துகினு நிக்கிறீங்க? ஆள் கொறச்சலா கீது. ஒரு கை குடுங்க.”

சுதா தயங்கினாள். தாட்சாயிணி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருடம் இரும்பு எடுத்த கை. ஈரக் கயிறு மற்ற இருவரின் கையிலும் வழுக்கியது, அவள் கையில் நின்றது. குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. “அந்த மெரூன் புடவைக்காரம்மா இழுக்கிறத பாருங்கடா” என்று பச்சையப்பன் தன் ஆட்களிடம் சொன்னார். ராதிகா இழுத்ததைவிடக் குரல் கொடுத்ததே அதிகம். அதுவும் உதவியாகத்தான் இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் வலை ஏறியது. உள்ளே மத்தியும் வாளையும் துள்ளின. பச்சையப்பன் மூவருக்கும் தனித்தனியாகப் பையில் போட்டுக் கொடுத்தார். தாட்சாயிணி வேண்டாம் என்றாள்.

“கயிறு புடிச்சா பங்கு உண்டும்மா. வேணாம்னு சொல்லக்கூடாது” என்றார் அவர்.

மாங்காட்டுக்குப் போனவள் மீனோடு எப்படி வீட்டுக்குப் போவது? திருவான்மியூர் ஸ்டேஷனில் ராதிகா கேட்டாள், “என்னான்ட குடுத்துடுறியா?” தாட்சாயிணி பையைக் கொடுக்கவில்லை. கடலில் கைவைத்துச் சம்பாதித்த முதல் பொருள் அது. மனசு வரவில்லை. பெட்டியில் எல்லாரும் மூக்கைப் பொத்தியும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் மனோகரன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மகன் விஷால் வீட்டுக்குள் போனும் கையுமாக இருந்தான். மனோகரன் பையைப் பார்த்தான். உள்ளே பார்த்தான். பிறகு அவள் புடவைக் கரையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தான்.

“இன்னாமே இது? மாங்காட்டுல பிரசாதம் மாத்திட்டாங்களா?”

விஷால் உள்ளே சிரித்துவிட்டான். தாட்சாயிணி படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மனோகரன் கையில் துணியோடு நின்று கேட்டான். முடிந்ததும் துணியை வாளியில் முக்கினான்.

“நீ விரதம்னு நெனச்சிகினு நாலு வாரமா ஞாயித்துக்கிழமை சாம்பார் துன்னுகினு கீறேன். என்னான்ட சொல்றதுக்கு இன்னா?”

அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். அவளுக்கு அது உறைத்தது. வீட்டில் கறி வாங்காததை அவள் கவனித்திருந்தாள், தனக்காக என்று யோசிக்கவில்லை.

“சும்மா நடக்கப் போறேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள்.

“இப்ப சொன்னியே, அப்படித்தான்.” துணியைப் பிழிந்து உதறினான். “சரி, அடுத்த வாரம் நானும் வரேன்.”

“வேணாம்.”

அவன் நிமிர்ந்தான். தாட்சாயிணி இந்த முறை பொய் தேடவில்லை. “நீ வந்தா உனக்குத் தண்ணி எடுத்துக்கணும், நேரத்துக்கு டிபன் பாக்கணும், வெயில் ஏறிச்சின்னா உன் மூஞ்சிய பாக்கணும். நான் எப்ப கடலைப் பாக்கறது? இன்னொரு நாள் உன்கூட தனியா வரேன். இது எங்க மூணு பேரு நடை.”

மனோகரன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மீனைக் கழுவ உட்கார்ந்தான். அன்று அவன் வைத்த குழம்பில் காரம் தூக்கல். வேண்டுமென்றே வைத்தானோ என்று அவளுக்கு இன்றுவரை சந்தேகம். ஆனால் பானையில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு அவள் நிஜமாகவே மாங்காட்டுக்குப் போனாள். “உன் பேரைச் சொல்லி ஏமாத்திட்டேம்மா” என்று ஒப்புக்கொண்டு, பிரசாதமாகக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். மனசு லேசாயிற்று.

ஐந்தாவது ஞாயிறு விடியற்காலை மனோகரன் கேட்காமலேயே அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. அன்று பனையூரும் உத்தண்டியும் ஆயிற்று. ஆறாவது ஞாயிறு முட்டுக்காட்டுப் பாலத்தின் வழியாகச் சுற்றி, பத்து மணி வாக்கில் கோவளத்துக்கு இறங்கினார்கள்.

ராதிகா மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். சுதா தேனியிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, பேசாமல் போனை அலைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். தாட்சாயிணி பையை ராதிகாவிடம் கொடுத்துவிட்டு நேராக நடந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. சுதா போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய அலை ஒன்று வந்து இருவரையும் சேர்த்துக் கவிழ்த்தது. எழுந்தபோது தாட்சாயிணியின் கொண்டை அவிழ்ந்து, மூக்கில் உப்பேறி, இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“மாத்துப் புடவை எடுத்துகினு வந்தியா?” என்று கரையிலிருந்து ராதிகா கத்தினாள்.

“இல்ல.”

“பஸ்ல எப்படி வருவே?”

“காயற வரைக்கும் இங்கியே கீறேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த அலைக்குத் தோளைச் சாய்த்து நின்றாள் தாட்சாயிணி.